மறுபடி வர்ற வரைக்கும்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. கர்த்தர் கிருபையால் அம்மாவும் நானும் இங்கே சுகம். நீயும் மாமாவும் அங்கே எப்படி இருக்கிறீர்கள்? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

போனில் பேசலாமே என்று கேட்டிருந்தாய். போன் போதகர் ஐயாவின் அறையில் இருக்கிறது. அவர் முன்னால் நின்றுகொண்டு பேச எனக்கு வாய் வராது. கடிதமே போதும்.

வெளிநாட்டு மருத்துவ டீம் வந்து பத்து நாள் தங்கிவிட்டு நேற்றுத்தான் விமானம் ஏறப் போனது. இந்தத் தடவை பதினான்கு பேர். மருந்தகத்தின் வெளிச்சுவருக்கு மஞ்சள் அடித்தார்கள். போன டீம் நீலம் அடித்தது, அதற்கு முந்தைய டீம் பச்சை. "இந்தச் சுவரைச் சுரண்டினா வந்த டீமெல்லாம் வரிசையா வரும்" என்று சமையலறை அத்தை சிரிக்கிறார். விருந்தினர் விடுதியில் எனக்குப் பாத்திரம், அம்மாவுக்குத் துணி. பதினான்கு பேரின் போர்வையும் துவைத்து அம்மாவுக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது.

கடைசி நாள் கூட்டத்தில் வழக்கம்போல நான் சாட்சி சொன்னேன். ஆறு வருஷமாகச் சொல்கிறேன், இன்னும் பழகவில்லை. "பதினோரு வயசுல கல்லு பட்டு என் வலது கண்ணுல புரை விழுந்துச்சு. டீம்ல வந்த டாக்டர் ஆபரேஷன் செஞ்சார். இப்ப எனக்கு நல்லாத் தெரியுது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." நாலு வரிதான். ஐயா அதை அவர்கள் பாஷையில் கால் மணி நேரம் சொல்கிறார். எதையெல்லாம் சேர்க்கிறாரோ! ஒரு பெரிய உடம்புக்காரர் கர்ச்சீப்பில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்புறம் ஒவ்வொருவராக என் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை கொடுத்தார்கள். எனக்கும் புதுச் சொட்டு மருந்துப் புட்டி கிடைத்தது.

பாப்பாவுக்கு என் முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


பிப்ரவரி 20

என் வாயில்லாப்பூச்சிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம். பாப்பாவின் சளி அவளை விட்டு எனக்கு வந்து, என்னை விட்டு மாமாவுக்குப் போயிருக்கிறது. வீட்டில் எதையும் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

ஃபேக்டரியில் இப்போது எனக்குக் காலர் தைக்கும் மெஷின். ஒரு நாளைக்கு நானூறு காலர். சட்டை எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை, கழுத்து மட்டும்தான் எனக்கு.

ஒன்று கேட்கிறேன். உன் கடிதத்தில் வரியெல்லாம் மாடிப்படி ஏறுகிறதே, ஏன்? கோடு போட்ட தாள்தானே? முன்பெல்லாம் கோட்டை விட்டு நகராமல் எழுதுவாய். கண் நன்றாக இருக்கிறதா?

அந்தக் கல்லை எறிந்தது நான்தான். நீ சாட்சியில் "கல்லு பட்டு" என்று மட்டும் சொல்கிறாய், யார் எறிந்தது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றைக்கு மரத்தில் இருந்த பழம் இன்றைக்கும் என் கனவில் விழாமல் தொங்குகிறது. உனக்குப் பார்வை வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அதனால்தான் கேட்கிறேன், மறைக்காமல் எழுது.

அம்மாவை உப்பைக் குறைக்கச் சொல்.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதமாக எழுதுகிறேன், கோபிக்காதே. நாங்கள் இருவரும் சுகம். காலர் அக்காவும் காலர் மாமாவும் காலர் பாப்பாவும் சுகம்தானே?

மஞ்சள் சுவர் உரிய ஆரம்பித்துவிட்டது. ஈரம் காயாமல் அடித்ததாம். கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, "பத்து நாள்ல எல்லாத்தையும் முடிக்கணும்னா சுவரு என்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே பீரோவும் மேசையும் பூட்டியே கிடக்கின்றன. முன்பு அங்கே கம்பவுண்டர் உட்கார்ந்திருப்பாரே, நினைவிருக்கிறதா? டீம் வந்தால் நல்ல மருந்து சும்மா கிடைக்கும் என்று ஜனங்கள் காத்திருக்கப் பழகிவிட்டார்கள். அவரிடம் யாரும் போகவில்லை. அவரும் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். இப்போது காய்ச்சல்கூட டீம் வரும் மாதத்தில்தான் வர வேண்டும்.

அம்மாவின் மாத்திரையில் ஒரு குழப்பம். போன தடவை ரோஸ் நிறம், இந்தத் தடவை வெள்ளை. இரண்டும் ஒன்றா வேறா என்று சொல்ல ஆள் இல்லை. அம்மா ஒரு நாள் ரோஸ், ஒரு நாள் வெள்ளை என்று போட்டுக்கொள்கிறார். "ரெண்டு டீமுக்கும் மனசு நோகக் கூடாது" என்கிறார்.

இந்த மாதம் மூன்று கண்ணாடி டம்ளர் உடைத்துவிட்டேன். மேசை விளிம்பு என்று நினைத்து வைத்தேன், அங்கே மேசை இல்லை. அத்தை, "கையில ஓட்டையா உனக்கு?" என்று கேட்டார்.

வேறு விசேஷம் இல்லை. பாப்பா நடக்கிறாளா?

உன் தங்கை


ஏப்ரல் 18

தங்கைக்கு,

சுகம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். கேட்டதற்குப் பதில் வரவில்லை. சுவரைப் பற்றி எழுதினாய், மாத்திரையைப் பற்றி எழுதினாய், கொத்தனாரைக்கூட விடவில்லை. நான் கேட்டது உன் கண்ணைப் பற்றி. இல்லாத மேசையில் டம்ளர் வைக்கிறாள் ஒருத்தி, அவளுக்குக் கையில் ஓட்டையாம்!

இந்தக் கடிதம் கிடைத்ததும் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொள். வலது கண்ணால் மட்டும் பார்த்து ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. என்ன வேண்டுமானாலும் எழுது.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

மேலே கிறுக்கலாக இருப்பதுதான் நீ கேட்ட வரி. "அக்காவுக்கு" என்று எழுதினேன். இடது கண்ணைத் திறந்து பார்த்தபோதுதான் எழுத்தின் மேல் எழுத்து ஏறியிருப்பது தெரிந்தது.

ஒரு வருஷத்துக்கு மேலாக இப்படித்தான். ஓரத்திலிருந்து மறைந்துகொண்டே வருகிறது. இப்போது வலது கண்ணால் பார்த்தால் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது. வலி இல்லை. சில நாள் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும்.

உனக்குச் சோறு இறங்காமல் போகுமே என்றுதான் சொல்லவில்லை.

இங்கேயும் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? விடுதி வரவேற்பறையில் என் படம் பெரிய அட்டையில் இருக்கிறது. டீம்காரர்கள் கொண்டுவரும் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் நான்தான். நல்லாத் தெரியுது என்று மேடையில் சொல்லிவிட்டு இறங்கும்போது, அத்தை கையைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்குகிறேன். கூச்சம் என்று நினைக்கிறார்கள். கூச்சப்படுகிறவளுக்கு எதை மறைப்பதும் சுலபம்.

ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னதை ஐயா தமிழில் சொன்னது நினைவிருக்கிறது. "நாங்க மறுபடி வர்ற வரைக்கும் இந்தச் சொட்டு மருந்தைக் காலையும் சாயங்காலமும் விடணும்." அந்த டாக்டர் மறுபடி வரவே இல்லை. வேறு வேறு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் எல்லாரும் அந்த "நாங்க"தானா என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு டீமும் பழைய புட்டியைப் பார்த்து அதே மருந்தில் புதுப் புட்டி கொடுக்கும். ஆறு வருஷமாக ஒரு நாள் விடாமல் விடுகிறேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லையே.

புட்டியின் மேல் இருக்கும் எழுத்துகளைப் பார்த்து இந்தத் தாளின் பின்பக்கம் வரைந்திருக்கிறேன். எனக்கு வாசிக்க வராது, படம் மாதிரி வரைந்தேன்.

அம்மாவுக்கு எழுதிவிடாதே.

தங்கை


மே 17

என் கண்ணே,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன். சீட்டு எழுதும் நர்ஸ், "நோயாளி எங்கம்மா?" என்றாள். கடிதத்தை நீட்டினேன். "கண்ணைக் கூட்டிட்டு வரச் சொன்னா காகிதத்தைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்று சிரித்தாள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. மருந்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இது ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு மாசம் விடுற மருந்து. வருஷக்கணக்கா விட்டா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறும். நரம்பு கொஞ்சம் கொஞ்சமாச் சாகும். செத்த நரம்பு திரும்பாது. டாக்டர் பாக்காம இனி ஒரு சொட்டுகூட விடக் கூடாது. நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

ஒரு மாசம் கழித்து மறுபடி வருவதாக அந்த டாக்டர் நினைத்திருப்பார். "மறுபடி வர்ற வரைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ ஆறு வருஷம் காத்திருந்திருக்கிறாய்.

நானே வந்து கூட்டிப்போவேன். ஆனால் ஏற்றுமதி ஆர்டர் முடியும் வரை லீவு எடுத்தால் மெஷின் வேறு ஆளுக்குப் போய்விடும். மாமாவுக்கும் அதே கதை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறு. பஸ் நிலையத்தில் நான் நிற்பேன். பாப்பா நடக்க ஆரம்பித்துவிட்டாள், அவளும் வருவாள்.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம் என்று எழுதக் கை போனது, நிறுத்திக்கொண்டேன். மருந்தை நிறுத்திவிட்டேன். பாப்பா நடக்க ஆரம்பித்தது சந்தோஷம்.

அம்மாவிடம் சொன்னேன். துவைத்துக்கொண்டிருந்தவர் கையில் இருந்த துணியைப் பிழியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார், தண்ணீர் காலெல்லாம் வடிந்தது. அப்புறம், "ஐயாகிட்ட கேட்டுட்டுப் போலாம்" என்றார்.

ஐயாவைக் கெட்டவர் என்று நினைக்காதே. பிரசவ வலி எடுத்தவர்களை அவர் வேனில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். நான் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.  அப்புறம் சொன்னார்: "ஜூலைல டீம் வருதும்மா. அதுல கண் டாக்டர் இருக்காராம். அவரே பாத்துடுவார். அதுக்குள்ள நீ பட்டணத்துக்குப் போனா, ஏன் போனான்னு கேப்பாங்க. இந்த நாப்பது குடும்பத்துக்கும் மாத்திரை உன் முகத்தைப் பாத்துத்தான் வருது. கொஞ்சம் பொறுத்துக்கோ."

வெளியே வந்து, "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டேன். அம்மா தன் மாத்திரை டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார். "ஆறு வாரந்தானே" என்றார்.

அம்மா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் பஸ் ஏறியிருப்பேன். கதவு திறந்துதான் இருக்கிறது, அக்கா. தாண்டும்போது நாற்பது குடும்பம் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது.

தங்கை


ஜூன் 11

தங்கைக்கு,

ஆறு வாரத்தில் எத்தனை நரம்பு என்று உன் ஐயாவிடம் கேள்.

சரி, வர மாட்டாய். அப்படியானால் இதைச் செய். அவர்கள் வந்ததும் கடைசி நாள் வரை காத்திருக்காதே. முதல் கூட்டத்திலேயே மேடைக்குப் போ. உனக்குத்தான் மைக் கொடுப்பார்களே. சாட்சி என்றால் என்ன? பார்த்ததைச் சொல்வது. உனக்கு என்ன தெரிகிறதோ அதைச் சொல், என்ன தெரியவில்லையோ அதையும் சொல். அத்தனை பேரில் ஒரு டாக்டராவது கேட்பார்.

நடுங்கினால் நடுங்கட்டும். நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று நினைத்துக்கொள்.

அக்கா


ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி செய்தேன்.

டீமில் கண் டாக்டர் இல்லை. கடைசி நேரத்தில் அவர் வரவில்லையாம், பதிலுக்குப் பல் டாக்டர் வந்திருக்கிறார். முதல் நாள் கூட்டத்திலேயே என்னைக் கூப்பிடுங்கள் என்று நானே கேட்டேன். ஐயாவுக்குச் சந்தோஷம். மைக்கைப் பிடித்தபோது என் பல் அதில் இடித்து எல்லாருக்கும் சத்தம் கேட்டது. நான் சொன்னேன்: "ஆபரேஷன் செஞ்சாங்க. கொஞ்ச வருஷம் தெரிஞ்சுது. இப்ப வலது கண்ணு மறைஞ்சுட்டு வருது. ஒரு மாசம் விட வேண்டிய மருந்தை ஆறு வருஷம் விட்டுட்டேன். யாராவது பாருங்க."

தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் அசையாமல் இருந்தார்கள். அத்தை வாயில் கை வைத்துக்கொண்டார். ஐயா என்னைப் பார்த்தார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பிக் கால் மணி நேரம் பேசினார். பேசி முடித்ததும் அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கைதட்டினார்கள், அக்கா. பல் டாக்டர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். என் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் பழக்கத்தில் சிரித்துவிட்டேன்.

ஆனால் ஒன்று நடந்தது. டீமில் இளவயது நர்ஸ் ஒருத்தி. சாப்பாட்டு நேரத்தில் அவள் நீட்டிய டம்ளரை நான் பிடிக்கப் போனேன், கை காற்றைப் பிடித்தது. அவள் டம்ளரை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பையிலிருந்து சின்ன டார்ச் எடுத்து இரண்டு கண்ணிலும் அடித்துப் பார்த்தாள். விரலை ஓரத்தில் ஆட்டி, தெரிகிறதா என்று சைகையில் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். பாவாடை மடிப்பிலிருந்து புட்டியை எடுத்துக் காட்டினேன். அதை வாசித்தாள். அழுதாள். புட்டியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, ஒரு தாளில் பெரிய ஆஸ்பத்திரிக்கு என்று நினைக்கிறேன், நிறைய எழுதி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். வாசல் பக்கம் கையைக் காட்டி, போ, போ என்றாள். அந்த ஒரு வார்த்தையை யாரிடமோ கேட்டுத் தமிழில் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ். வேன் ஓட்டும் அண்ணன் ஏற்றிவிடுவார். அம்மா வரவில்லை, துவைக்க ஆள் இல்லை. என் துணியை மடித்துப் பையில் வைத்தவர் அம்மாதான். 

நிலையத்தில் வலது பக்கத்திலிருந்து வராதே, எனக்குத் தெரியாது. எதிரே வா.

தங்கை


செப்டம்பர் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை வாசிக்கும் அத்தைக்கும் என் அன்பு. இங்கே அக்காவும் மாமாவும் சுகம். பாப்பா என்னைச் சித்தி என்று சொல்ல வராமல் "தித்தி" என்கிறாள்.

அழுத்தத்தைக் குறைக்க ஆபரேஷன் முடிந்தது. போன பார்வை போனதுதான். நடுவில் ஒரு சிறு வட்டம் மட்டும் மிச்சம், அதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நர்ஸ் எழுதிக் கொடுத்த தாளைக் காட்டியதால் அன்றைக்கே பார்த்தார்கள். இன்னும் மூன்று மாதம் போனால் அதுவும் இருந்திருக்காது என்றார் டாக்டர். அவர் என் சீட்டில் அடுத்து வர வேண்டிய தேதியை எழுதி, வராவிட்டால் கூப்பிட்டுக் கேட்கிறார். எனக்கு அது புதிதாக இருக்கிறது.

ஐயா எழுதியிருந்தார். அக்டோபர் டீமுக்கு வாசிக்க ஒரு சாட்சி அனுப்பு, நல்லதாக எழுது என்று. எழுதியிருக்கிறேன். அவரிடம் கொடுத்துவிடு. முதலில் தமிழில் வாசிக்கச் சொல். அதன் பிறகு அவர்கள் பாஷையில் சொல்லட்டும்.

சாட்சி இதுதான்:

"எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டருக்கும் டார்ச் அடித்துப் பார்த்த நர்ஸுக்கும் நன்றி. நடுவில் ஆறு வருஷம் யாரும் பார்க்காததால் வலது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது. போகும்போது மறுபடி வருவோம் என்று எங்களிடம் சொல்லாதீர்கள். நாங்கள் அதை நம்பிக் காத்திருப்போம். யார் வருவீர்கள், எந்தத் தேதி, வராவிட்டால் நாங்கள் யாரிடம் போக வேண்டும், அதைச் சொல்லுங்கள். சுவருக்கு நிறம் வேண்டாம். உள்ளே ஒரு கம்பவுண்டர் வேண்டும்."

உப்பைக் குறைத்துக்கொள், அம்மா.

உன் மகள்


அக்டோபர் 24

மகளுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல அத்தை எழுதுறாங்க. உன் அக்காவுக்கும் மாப்பிள்ளைக்கும் பாப்பாவுக்கும் என் ஆசீர்வாதம். தித்தியாம், வாயைப் பாரு அதுக்கு.

டீம் வந்துச்சு, பதினாறு பேரு. உன் கடிதத்தை ஐயாகிட்டக் கொடுத்தேன். படிச்சாரு. பைபிளுக்குள்ள வச்சுக்கிட்டாரு. 

கூட்டத்தன்னைக்கு உன் அட்டைப் படத்தை மேடையில நிறுத்தினாங்க. ஐயா எந்திரிச்சு, "அந்தப் பொண்ணு பட்டணத்துல அக்கா வீட்டுல சுகமா இருக்கா, உங்களுக்கு வாழ்த்துச் சொன்னா"ன்னாரு. அதையே அவங்க பாஷையிலயும் சொன்னாரு. அவங்க கைதட்டினாங்க.

எனக்கு என்ன வந்துச்சோ தெரியல. எந்திரிச்சு நடந்தேன். (அத்தை எழுதுறேன்: துவைச்ச கையோட, முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு நடந்தாங்க. நான் பிடிச்சேன், நிக்கல.) எனக்கு அவங்க பாஷை தெரியாது. உன் படத்துக்கிட்டப் போயி, வலது கண்ணு மேல என் கையை வச்சு மூடினேன். அப்படியே நின்னேன். உன் காலிப் புட்டியெல்லாம் ஒரு டப்பாவுல போட்டு வச்சிருந்தேன், தூக்கிப்போட மனசு வராம. அதையும் மேசையில கொட்டினேன். முன்வரிசையில டீம்ல வந்த ஒரு பெரியவரு ஒண்ணை எடுத்து வாசிச்சாரு. இன்னொண்ணு எடுத்தாரு. அப்புறம் தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு.

யாரும் கைதட்டல.

ஐயா பைபிளைத் திறந்தாரு.  உன் கடிதத்தைத் தமிழ்ல வாசிச்சாரு. அப்புறம் அவங்க பாஷையில சொன்னாரு. இந்தத் தடவை எவ்வளவு எழுதியிருந்தியோ அவ்வளவுதான் சொன்னாரு, ஒரு வார்த்தை கூட்டல. அது பாஷை தெரியாத எனக்கே தெரிஞ்சுச்சு.

ரெண்டு நாள்ல கிளம்பிட்டாங்க. மறுபடி வருவோம்னு யாரும் சொல்லல. வருவாங்களா மாட்டாங்களான்னு தெரியல. ஐயா எங்கிட்டப் பேசுறதில்ல, வேலைக்கு வராதேன்னும் சொல்லல. வழியில பாக்கிறவங்க சிலர் முகத்தைத் திருப்பிக்கிறாங்க. சிலர் நின்னு உன் கண்ணைப் பத்திக் கேக்குறாங்க.

நான் சுகம்னு எழுத வேணாம்னு அத்தைகிட்டச் சொல்லிட்டேன். மாத்திரை எண்ணிப் பாத்தேன், பதினோரு நாளைக்கு இருக்கு. எல்லாம் ஒரே நிறம். அதுக்கப்புறம் என்னன்னு பாத்துக்கலாம்.

நீ கண்ணைப் பாத்துக்கோ.

அம்மா